தொட்டியின் அடியில்: எரிபொருள் கசண்டின் வரலாறு

காற்றும் ஒளியும் புகாத பாறை அடுக்குகளுக்குள் பல கோடி ஆண்டுகள் அடங்கிக் கிடந்த கச்சா எண்ணெயை வெளியே எடுத்து, காய்ச்சிப் பிரித்து, பெட்ரோலாகவோ டீசலாகவோ தொட்டியில் நிரப்பி வைத்தால், சில வேளைகளில் ஓராண்டு கூட அது தன் நிலையில் நிற்பதில்லை. முதலில் நிறம் மங்குகிறது. பிறகு வாடை மாறுகிறது. இறுதியில் அடியில் பழுப்பு நிறக் கசண்டு படிந்து, குழாயையும் வடிகட்டியையும் அடைக்கிறது. நல்லெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிப்பதும், ஜாடியின் அடியில் மண்டி தங்குவதும் எந்தச் சமையலறையிலும் காணக்கூடியவை என்பதால், எரிபொருள் கெடுவதும் எண்ணெய்க்கு இயல்பானதே என்று எளிதில் எண்ணிவிடலாம். ஆனால் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு பீப்பாய் எண்ணெயிலிருந்து முன்பைவிடக் கூடுதலாகப் பிழிந்தெடுக்க மனிதர் முயன்ற ஒவ்வொரு முறையும், எடுத்ததை முன்பைவிட நீண்டகாலம் பதுக்கி வைக்க முயன்ற ஒவ்வொரு முறையும், இந்தக் கசண்டு புதிய வடிவில் தோன்றியிருக்கிறது.

தொட்டியின் அடியில் தங்கும் எல்லாமே ஒரே பொருள் அல்ல. இரும்புத் துரு, ஈரக்காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கும் நீர், அந்த நீருக்கும் எரிபொருளுக்கும் இடையிலான எல்லையில் வளரும் பூஞ்சை ஆகியவை வெளியிலிருந்து வந்து சேர்பவை. அவற்றின் கதை வேறு. இங்கே பேசப்படுவது எரிபொருளின் மூலக்கூறுகளே தமக்குள்ளும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து உண்டாக்குகிற பொருள். அதுவும் இரு வகைப்படும். எரிபொருளில் கரைந்தே இருந்து, எரிபொருள் ஆவியானபின் பசைபோல ஒட்டி நிற்பது பிசின். கரையும் எல்லையை மீறித் திரிந்து, துகளாகி அடியில் இறங்குவது கசண்டு. பெட்ரோலின் பகை முதலாவது, டீசலின் பகை இரண்டாவது என்று பொதுவாகச் சொல்லலாம்.

1859ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் ஊரில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தொழில் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கான தொழிலாகவே இருந்தது. மண்ணெண்ணெயே விலைபோன சரக்கு; அதைவிட லேசான பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் தொல்லையாகக் கருதப்பட்டு, பல இடங்களில் வீணாக்கப்பட்டது. அக்காலத்துச் சுத்திகரிப்பு என்பது பெரும்பாலும் கொதிநிலையின்படி பிரித்தெடுப்பது மட்டுமே. மூலக்கூறுகள் பிரிந்தன, மாறவில்லை. கச்சா எண்ணெயில் இயற்கையாக இருப்பவை பெரும்பாலும் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள், அதாவது ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் பிணைப்புகளை முழுமையாக நிரப்பிக்கொண்டு, மேற்கொண்டு எதனுடனும் எளிதில் சேர விரும்பாத மூலக்கூறுகள். ஆகவே இப்படிப் பிரித்த மண்ணெண்ணெயை அடர் கந்தக அமிலத்தாலும் பிறகு எரிசோடாக் கரைசலாலும் கழுவி, நிறத்தையும் வாடையையும் போக்கிவிட்டால், அது தகரத்தில் அடைபட்டுக் கடல் கடந்து போய்ச் சேரும்வரை பெரிதாகக் கெடவில்லை.

கச்சா எண்ணெயும் பொறுத்திருக்கக்கூடியதாகவே இருந்தது. 1885இல் ஒஹாயோ மாநிலத்தின் லைமா பகுதியில் கிடைத்த எண்ணெயில் கந்தகம் மிகுந்து, விளக்கில் எரித்தால் புகையும் நாற்றமும் தாங்க முடியாதவையாக இருந்தபோதும், ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் அதை வாங்கி வாங்கித் தொட்டிகளில் சேர்த்தது. சேர்ந்தது சுமார் 4 கோடிப் பீப்பாய். அதைப் பயன்படுத்தும் வழி அப்போது தெரிந்திருக்கவில்லை. வழி தெரியும்வரை எண்ணெய் காத்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. ஜெர்மனியில் பிறந்த வேதியியலர் ஹெர்மன் ஃபிராஷ் செம்பு ஆக்சைடைக் கொண்டு கந்தகத்தை நீக்கும் முறையைக் கண்டபின் அந்தச் சரக்கு விலைபோயிற்று. அந்த எண்ணெயைச் சுத்திகரிக்கவே மிச்சிகன் ஏரிக்கரையில், இண்டியானா மாநிலத்தின் வைட்டிங் ஊரில், 1889இல் ஒரு பெரிய ஆலை எழுந்தது. எரிபொருளின் நிலையாமை வரலாறு உண்மையில் தொடங்குவது அந்த ஆலையில்தான்.

அமெரிக்காவில் பதிவான மோட்டார் வண்டிகள் 1900இல் சுமார் 8,000. 1910இல் 4 லட்சத்து 68 ஆயிரம். 1920இல் 92 லட்சம். இயற்கையான பிரிப்பில் ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெட்ரோலாகக் கிடைப்பது அரிது என்ற நிலையில், இந்தப் பசியைத் தீர்க்க இருந்த வழிகள் இரண்டே: புதிய வயல்களைத் தேடுவது, அல்லது விலைபோகாத கனமான எண்ணெயை உடைத்து லேசான எண்ணெயாக்குவது. வைட்டிங் ஆலையில் பணியாற்றிய வில்லியம் பர்ட்டன், ராபர்ட் ஹம்ஃப்ரீஸ் உள்ளிட்ட துணைவர்களுடன் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். கன எண்ணெயை மூடிய உருளைக்கலத்தில் இட்டு, காற்றழுத்தத்தைப்போல் ஐந்து மடங்கு அழுத்தத்தில், 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால் நீண்ட மூலக்கூறுகள் பிளந்து குட்டையாகும். கிராக்கிங் எனப்படும் இந்தப் பிளப்பு முறைக்கு அவர் 1913 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். தொழிலாளர் அடுப்புக்கு மேலே ஏறி நின்று, கசியும் இணைப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டே நடத்த வேண்டிய ஆபத்தான வேலை அது. இருந்தாலும் ஒரு பீப்பாயில் கிடைக்கும் பெட்ரோல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

பிளந்தெடுத்த பெட்ரோலுக்கு மஞ்சள் நிறமும் கெட்ட வாடையும் இருந்ததால், நிறுவனம் அதை வழக்கமான பெட்ரோலோடு கலக்காமல் ‘மோட்டார் ஸ்பிரிட்’ என்ற தனிப்பெயரில் விற்கத் தொடங்கியது. நிறத்தைவிடப் பெரிய குறை பின்னால் வெளிப்பட்டது. தொட்டியிலும் பீப்பாயிலும் சில மாதம் இருந்த அந்தப் பெட்ரோலை வண்டியில் ஊற்றி ஓட்டினால், கார்புரேட்டரின் நுண்துளைகளிலும், எரிபொருள் ஆவி செல்லும் குழாயின் உட்சுவரிலும், வால்வுகளின் தண்டுகளிலும் மஞ்சள் பழுப்பு நிறப் பிசின் பூச்சுப்போல ஒட்டியது. வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கி நின்றது.

காரணம் பிளப்பின் தன்மையிலேயே இருந்தது. நீண்ட மூலக்கூறு ஒன்றை இரண்டாக உடைக்கும்போது, இரு துண்டுகளுக்கும் போதுமான ஹைட்ரஜன் இருப்பதில்லை. ஒரு துண்டு நிறைவுற்றதாக அமைந்தால் மற்றொன்று இரு கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புடன் எஞ்சுகிறது. இத்தகைய நிறைவுறா ஹைட்ரோகார்பன்கள் ஒலிஃபின்கள் எனப்படும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளைக் கொண்டவை டையோலிஃபின்கள். இயற்கையான கச்சா எண்ணெயில் மிக அரிதான இவை பிளந்த பெட்ரோலில் ஏராளம். ஆக்சிஜன் இவற்றோடு சேர்ந்து பெராக்சைடு என்ற நிலையற்ற சேர்மத்தை உண்டாக்க, பெராக்சைடு உடைந்து தனி உறுப்பு எனப்படும், இணை தேடி அலையும் எலக்ட்ரானைக் கொண்ட துணுக்குகளைப் பிறப்பிக்க, ஒவ்வொரு துணுக்கும் அடுத்த மூலக்கூறைத் தாக்கிப் புதிய துணுக்கை உண்டாக்க, வினை சங்கிலியாக நீள்கிறது. இடையிடையே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பலபடிகளாகத் தடிக்கின்றன. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணப்பூச்சு காற்றில் உலர்ந்து கெட்டியான தோலாவதும் இதே வகை வினைதான். ஓவியருக்கு வேண்டிய குணம் வண்டிக்காரருக்கு வேண்டாததாயிற்று.

1910களிலும் 1920களிலும் இந்த விளக்கம் முழுமையாகத் தெரியாது. தெரிந்த மருந்து பழைய மண்ணெண்ணெய் மருந்தே: கந்தக அமிலத்தால் கழுவுவது. அமிலம் ஒலிஃபின்களைக் கரைத்தும் பலபடியாக்கியும் நீக்கியது. கூடவே நல்ல பெட்ரோலின் ஒரு பகுதியும் கறுத்த அமிலச் சேறாகப் போயிற்று. பிளந்து பெற்றதில் ஒரு பங்கை மீண்டும் இழப்பதே சுத்திகரிப்பாக இருந்தது. 1920களில் தாமஸ் மிட்ஜ்லி முதலியோர் எஞ்சினின் ‘தட்டல்’ ஓசையைப் பற்றி நடத்திய ஆய்வுகளும், அந்தத் தட்டலைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்று அளக்க 1926இல் கிரஹாம் எட்கர் வகுத்த ஆக்டேன் அளவையும் இந்த இழப்பின் இன்னொரு பக்கத்தைக் காட்டின. பிசினுக்குக் காரணமான அதே ஒலிஃபின்கள்தாம் எஞ்சினைத் தட்டாமல் ஓடவைக்கும் குணத்தையும் பெட்ரோலுக்குத் தந்தன. அவற்றைக் கழுவி எறிந்தால் பெட்ரோல் நெடுநாள் நிற்கும், ஆனால் தரம் தாழும். விட்டுவைத்தால் தரம் உயரும், ஆனால் பிசினாகும். இந்த இக்கட்டே ஒரு புதிய வேதியியல் துறையை வளர்த்தது.

அதற்கு முன்பு பிசினை அளக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வழங்கிய முறைப்படி, செம்புக் கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றிச் சூடாக்கி ஆவியாக்கி, மிஞ்சியதை எடைபோட்டனர். கண்ணாடிக் கிண்ணத்தில் அதே பெட்ரோலை ஆவியாக்கினால் மிகக் குறைந்த பிசினே மிஞ்சியது என்பது நெடுநாள் குழப்பத்தைத் தந்தது. அளக்கும் பாத்திரமே அளக்கப்படும் பொருளைப் பெருக்கியது. செம்பு அந்த வினைக்கு ஊக்கி என்ற உண்மை அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பிற்காலத்தில் இரண்டு கேள்விகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டன: பெட்ரோலில் இன்று எவ்வளவு பிசின் இருக்கிறது, இனி எவ்வளவு உண்டாகக்கூடும். முதல் கேள்விக்குச் சூடான காற்றை வீசி ஆவியாக்கும் சோதனையும், இரண்டாவதற்கு எஃகுக் கலத்தில் ஆக்சிஜனை அழுத்தி அடைத்து 100 டிகிரி வெப்பத்தில் வைத்து, எத்தனை நிமிடம் கழித்து அழுத்தம் சட்டென்று இறங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் நிலைபெற்றன. அழுத்தம் இறங்குவதற்கு முன்னுள்ள அந்த அமைதியான இடைவெளியே தூண்டற்காலம் எனப்படுவது. இன்றைய அமெரிக்கத் தரவிதி அதை 240 நிமிடத்துக்குக் குறையாமலும் ஐரோப்பியத் தரவிதி 360 நிமிடத்துக்குக் குறையாமலும் கேட்கின்றன.

அந்த இடைவெளியை நீட்டும் வழி எண்ணெய்த் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையினர் அக்ரோலின் என்ற, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் சேர்மத்தைப் போர்வாயுவாகப் பயன்படுத்த முனைந்தபோது, அது சேமிப்பில் தானே கெட்டியாகிப் பயனற்றுப் போனது. இதைத் தடுக்கும் பணியில் ஈடுபட்ட ஷார்ல் மூரெ, ஷார்ல் துஃப்ரேஸ் என்ற இரு வேதியியலர்கள், ஹைட்ரோகுயினோன் போன்ற ஃபீனால் வகைப் பொருள்களை மிகச் சிறிதளவு சேர்த்தாலே அது நிலைத்து நிற்பதையும், அப்பொருள்கள் ஆக்சிஜன் உறிஞ்சப்படுவதையே தடுப்பதையும் கண்டு, 1922 வாக்கில் அவற்றை ஆக்சிஜன் எதிர்ப்பிகள் என்று பொதுமைப்படுத்தினர். ஸ்வீடன் நாட்டின் ஹான்ஸ் பெக்ஸ்ட்ரோம் 1927இல் இதற்கு விளக்கம் தந்தார்: எதிர்ப்பியின் மூலக்கூறு, சங்கிலியாக ஓடும் துணுக்குக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்கி, சங்கிலியை அந்த இடத்தில் அறுக்கிறது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கெடுக்கவிருந்த சங்கிலியை ஒரே மூலக்கூறு நிறுத்திவிடுவதால்தான் பத்து லட்சம் பங்குக்குச் சில பத்துப் பங்கு சேர்த்தாலே போதுமானதாகிறது.

1930களில் அமெரிக்க ஆலைகள் இதைக் கைக்கொண்டன. வன்மரங்களைக் காற்றின்றிக் கரித்துக் கிடைக்கும் தாரிலிருந்து வடித்த ஃபீனால் கலவையும், பிறகு செயற்கையாகச் செய்த அமினோஃபீனால்களும் ஃபீனிலீன்டையமின்களும் பெட்ரோலில் கலக்கப்பட்டன. அமிலக் கழுவலால் இழந்துவந்த பெட்ரோலில் பெரும்பகுதி மிஞ்சியது. தமிழ்நாட்டு வீடுகளில் வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக் கீரையையோ வெற்றிலையையோ போட்டு இறக்கும் பழக்கம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. அந்த இலைகளிலும் ஃபீனால் வகைப் பொருள்களே இருக்கின்றன. நெய்யைச் சிக்கு அண்டாமல் காக்கும் வேதியியலும், இண்டியானாவின் பெட்ரோலைப் பிசின் அண்டாமல் காத்த வேதியியலும் ஒன்றே.

ஆயினும் சில பெட்ரோல்கள் எதிர்ப்பியைச் சேர்த்தும் கெட்டன. வாடை வீசும் கந்தகச் சேர்மங்களை மாற்றுவதற்குச் செம்புக் குளோரைடைப் பயன்படுத்தும் ஒரு முறை அக்காலத்தில் பரவியிருந்தது. அதன்வழி பெட்ரோலில் தங்கிய செம்பும், குழாய்களின் பித்தளையிலிருந்து கரைந்த செம்பும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தபோதே பெராக்சைடுகளை விரைந்து உடைத்து, எதிர்ப்பியைத் தீர்த்துவிட்டன. செம்பை வெளியே எடுப்பது கடினம். அதை உள்ளேயே செயலற்றதாக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் சார்ல்ஸ் பெடர்சன்.

பெடர்சன் 1904இல் கொரியாவின் பூசான் நகரில், நார்வேயைச் சேர்ந்த தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்து, ஜப்பானில் பள்ளிக்கல்வி பெற்று, அமெரிக்கா சென்று முதுகலைப் பட்டத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, 1927இல் டியூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். முனைவர் பட்டம் அவர் பெறவில்லை. சாலிசிலால்டிஹைடையும் ஒரு டையமினையும் இணைத்துச் செய்த சேர்மம் செம்பு அயனியை நாற்புறமும் பற்றிச் சூழ்ந்துகொள்கிறது என்பதையும், அப்படிச் சிறைப்பட்ட செம்பு வினையை ஊக்குவிக்க முடியாமல் போகிறது என்பதையும் அவரும் அவருடைய துணைவர்களும் 1930களின் இறுதியில் வெளிப்படுத்தினர். நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோன்ற இந்தப் பிடிப்பின் காரணமாக அத்தகைய சேர்மங்களை வேதியியலர் கொடுக்கிணைப்பிகள் என்கின்றனர். உலோக முடக்கிகள் என்று தொழிலில் வழங்கும் இவை இன்றும் பெட்ரோலிலும் விமான எரிபொருளிலும் சேர்க்கப்படுகின்றன. செம்பு கலந்த உலோகக் குழாய்களில் எரிபொருள் ஓடும் விமானந்தாங்கிக் கப்பல்களில் இவற்றின் பயன் மிகுதி.

ஓர் உலோக அயனியை ஒரு கரிம மூலக்கூறு எப்படிச் சூழ்ந்து பிடிக்கிறது என்ற கேள்வி பெடர்சனை முப்பது ஆண்டுகள் விடவில்லை. 1960களின் தொடக்கத்தில் வனேடியத்தைப் பிடிக்கும் ஒரு சேர்மத்தைச் செய்ய முயன்றபோது, வேண்டாத துணைப்பொருளாக, விளைச்சலில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில், வெண்ணிறப் படிகங்கள் சில அவருக்குக் கிடைத்தன. அவற்றை எறியாமல் ஆராய்ந்ததில், சோடியம், பொட்டாசியம் போன்ற, அதுவரை எதற்கும் எளிதில் பிடிபடாத அயனிகளைத் தன் வளையத்தின் நடுவே வைத்துக்கொள்ளும் மகுட ஈதர்கள் வெளிப்பட்டன. 1967இல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வுக்கு 1987ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, டொனால்ட் கிராம், ழான்-மரி லேன் ஆகியோருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு வேதியியலின் பெருங்கண்டுபிடிப்புகளுள் ஒன்றின் வேர், பெட்ரோலில் பிசின் படியாமல் காக்கும் வேலையில் இருக்கிறது என்பது இத்துறையின் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாதது.

கனமான எரிபொருளின் கதை வேறு பாதையில் சென்றது. 1912 வாக்கில் பிரிட்டிஷ் கப்பற்படை தன் பெரும் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்ற முடிவெடுத்தபின், பேரரசின் துறைமுகங்கள்தோறும் உலை எண்ணெயைப் பல ஆண்டுத் தேவைக்கு இருப்பு வைப்பது படைத்துறைக் கொள்கையாயிற்று. திருகோணமலையின் சீனக்குடாவில், காட்டுக்கு நடுவே, ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளும் நூறு அளவிலான எஃகுத் தொட்டிகள் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுந்தது அதன் விளைவே. அவற்றுள் ஒன்று 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் அருகே இஞ்சிண்டவுன் மலைக்குள் 1938 முதல் 1941 வரை குடைந்த தொட்டிகளும் இதே வகை. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் குகைகளில் எண்ணெய் தீர்ந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் தரையிலும் சுவரிலும் அதன் கரிய மிச்சம் இருக்கிறது.

உலை எண்ணெயில் கசண்டு உண்டாக ஆக்சிஜன்கூடத் தேவையில்லை. அஸ்ஃபால்ட்டீன்கள் எனப்படும், வளையம் வளையமாக அடுக்கிய பெரும் கரிய மூலக்கூறுகள் அதில் மிதக்கின்றன. 1837இல் பிரெஞ்சு வேதியியலர் பூசெங்கோ அல்சாஸ் பகுதியின் நிலக்கீலைப் பிரித்து ஆய்ந்தபோது இட்ட பெயர் அது. அவை உண்மையில் கரைந்திருப்பவை அல்ல. அவற்றைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ரெசின்கள் எனப்படும் சேர்மங்களும், சூழ்ந்திருக்கும் நறுமண ஹைட்ரோகார்பன்களும் தாங்குவதால் மிதப்பவை. நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் மிகுந்த மற்றோர் எண்ணெயை அதனோடு கலந்தால் அந்தப் போர்வை கலைந்து, அஸ்ஃபால்ட்டீன்கள் ஒன்றுசேர்ந்து அடியில் இறங்கிவிடும். தனித்தனியே குறையற்ற இரண்டு எண்ணெய்களைக் கலந்தவுடன் தொட்டியில் சேறு உண்டாவதைக் கண்ட எஞ்சின் அறையினர், கலப்பதற்கு முன் பொருத்தம் பார்க்கக் கற்றுக்கொண்டனர். அதற்கான சோதனை மிக எளியது: கலவையைச் சூடாக்கி வடிதாளில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தினால், ஒரே சீரான பழுப்பு வட்டம் விழுந்தால் பொருத்தம், வட்டத்துக்குள் கரிய வளையம் ஒன்று தனியே தெரிந்தால் பொருத்தமில்லை.

டீசலின் சிக்கல் தாமதமாகவே வந்தது. நேரடியாகப் பிரித்தெடுத்த டீசல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜ் ஆலையில், தூளாக்கிய வினையூக்கியின் துணையோடு பிளக்கும் முதல் பெரிய அமைப்பு இயங்கத் தொடங்கியபின், பெட்ரோலுக்காகப் பிளந்தபோது கிடைத்த நடுத்தர எண்ணெயையும் டீசலில் கலப்பது வழக்கமாகி, 1970களின் எண்ணெய் நெருக்கடியில் அந்தக் கலப்பு கூடியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த தடைக்குப் பின், 1974இல் அமைந்த பன்னாட்டு எரிசக்தி முகமை உறுப்பு நாடுகளிடம் 90 நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பைக் கேட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கக் கப்பற்படை கரிய உலை எண்ணெயைக் கைவிட்டு, டீசலை ஒத்த வடிப்பெண்ணெய்க்கு மாறியது. நிலையாமை மிகுந்த சரக்கும், நெடுநாள் இருப்பு வைக்கும் கட்டாயமும் ஒரே பத்தாண்டில் சந்தித்தன, வடிகட்டிகள் அடைபட்டன.

பெட்ரோலுக்குக் கற்ற பாடம் இங்கே உதவவில்லை. ஃபீனால் வகை எதிர்ப்பிகளைச் சேர்த்தும் டீசலின் கசண்டு பெரிதும் குறையாததால், இதில் ஒலிஃபின்களைத் தவிர வேறு காரணங்களும் உண்டு என்று ஆய்வாளர் முடிவுக்கு வந்தனர். வாஷிங்டனில் உள்ள கப்பற்படை ஆய்வகத்திலும் பிற இடங்களிலும் 1980களில் நடந்த ஆய்வுகள், கசண்டில் நைட்ரஜன் அளவுக்கு மீறித் திரண்டிருப்பதைக் காட்டின. நைட்ரஜன் அணுவை வளையத்தில் கொண்ட பிர்ரோல்களும் இண்டோல்களும், பிளந்த எண்ணெயில் உள்ள பல்வளையச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றமடைந்து தரும் கீட்டோன்களோடு, அமிலங்களின் முன்னிலையில் இணைந்து, டீசலில் கரையாத கருநிறச் சேர்மங்களாகி அடியில் இறங்கின. அக்காலத்தில் மாற்று எரிபொருளாக எதிர்பார்க்கப்பட்ட எண்ணெய்ப் பாறைகளின் எண்ணெயில் நைட்ரஜன் 2 சதவீதம் வரை இருந்தது இந்த ஆய்வுகளுக்கு மேலும் அவசரம் தந்தது. அமிலம் வினைக்குத் துணைபோகிறது என்று தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது: வலிய காரத்தன்மை கொண்ட மூவிணைய அமின்களைச் சிறிதளவு சேர்த்து அமிலத்தை அடக்குவது.

1983இல் டெல் அவீவ் நகரில், திரவ எரிபொருள்களின் நெடுநாள் சேமிப்பு நிலைப்பைப் பற்றி மட்டுமே பேச முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. சேமிப்பு என்பது நாட்டின் உயிர்ப்பிரச்சினையாக இருந்த ஓரிடத்தில் அது கூடியது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. அத்தகைய கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்று: இன்று நல்லதாகத் தோன்றும் டீசல் மூன்றாண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதை இன்றே எப்படி அறிவது? ஆக்சிஜனைக் குமிழியாகச் செலுத்தி 95 டிகிரியில் 16 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை நெடுங்காலமாக வழக்கில் இருந்தாலும், அந்த வெப்பத்தில் நடக்கும் வினைகள் தொட்டியின் இயல்பான வெப்பத்தில் நடப்பவையாக இல்லாததால், அதில் தேறியவை தொட்டியில் கெட்டன, தோற்றவை தொட்டியில் நின்றன. நம்பத்தக்கது என்று பெரும்பாலோர் ஏற்ற முறை 43 டிகிரியில் கண்ணாடிப் புட்டியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பது. அங்கே ஒரு வாரம் சாதாரணத் தொட்டியின் ஒரு மாதத்துக்கு ஈடு. மூன்றாண்டின் நிலையை அறிய எட்டு மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். காலத்தைச் சுருக்க வெப்பத்தைக் கூட்டினால் வேதியியலே மாறிவிடுகிறது என்ற இந்தத் தடை இன்றும் முழுமையாக நீங்கவில்லை.

காற்றுமாசைக் குறைக்க எழுந்த சட்டங்களே, அந்நோக்கம் இல்லாமலே, டீசலின் கசண்டைப் பெருமளவு தீர்த்தன. கந்தகத்தை நீக்க உயர் அழுத்த ஹைட்ரஜனோடு வினையூக்கியின்மேல் எண்ணெயைச் செலுத்தும்போது, நைட்ரஜன் சேர்மங்களில் பெரும்பகுதியும் ஒலிஃபின்களும் கூடவே அழிகின்றன. அமெரிக்கா 2006இல் பத்து லட்சத்துக்கு 15 பங்கும், இந்தியா 2020 ஏப்ரல் முதல் 10 பங்கும் என்று கந்தகத்தைக் குறுக்கியபின் டீசல் பழைய அளவில் மண்டிவிடுவதில்லை. ஆனால் எண்ணெயில் இயற்கையாக இருந்து அதைக் காத்துவந்த கந்தக, ஃபீனால் சேர்மங்களும் அதே வினையில் போய்விடுவதால், இப்படி வெளுத்த எரிபொருளில் பெராக்சைடு எளிதில் பெருகுகிறது. ஹைட்ரஜனால் சுத்திகரித்த விமான எரிபொருளுக்கு லிட்டருக்கு 17 முதல் 24 மில்லிகிராம் ஆக்சிஜன் எதிர்ப்பியை ஆலையிலேயே சேர்க்கவேண்டும் என்று பிரிட்டிஷ் தரவிதி கட்டாயமாக்கியது அதனால்தான். தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்கத் தொடங்கியதும் இரட்டைப் பிணைப்புகள் மீண்டும் தொட்டிக்குள் நுழைந்தன. அதன் நிலைப்பை அளக்கும் கருவி, சமையல் எண்ணெயின் சிக்கை அளக்க ஏற்பட்ட அதே கருவி.

2020 ஜனவரி முதல் நாளன்று உலகக் கடல்களெங்கும் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியபோது, ஆலைகள் பலவகைக் குறைகந்தக எண்ணெய்களைக் கலந்து புதிய உலை எண்ணெய்களைத் தயாரித்தன. அவற்றுள் சில நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் மிகுந்தவை, சில நறுமண ஹைட்ரோகார்பன்கள் மிகுந்தவை. சிங்கப்பூரில் நிரப்பியதும் கொழும்பில் நிரப்பியதும் ஒரே தரவிதியை நிறைவு செய்தாலும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே கப்பலின் எஞ்சினியர், புதிய சரக்கைப் பழையதோடு சேர்ப்பதற்கு முன், இரண்டையும் ஒரு குப்பியில் கலந்து சூடாக்கி, வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, அது உலரும்வரை காத்திருந்து, பழுப்பு வட்டத்துக்குள் கரிய வளையம் விழுகிறதா என்று பார்க்கிறார்.